ரோமானிய வெண்கலக் காசுகளும் அவற்றிலுள்ள சின்னங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கக் காசும் வெள்ளிக் காசும் படைவீரனின் சம்பளத்துக்கும் பெருவணிகத்துக்கும் போயின. ரொட்டிக் கடையிலும் குளியல் மண்டபத்திலும் கை மாறியது வெண்கலக் காசுதான். அரசன் சாதாரண மக்களிடம் சொல்ல நினைத்ததைப் படமாக வடித்ததும் பெரும்பாலும் அதில்தான், செஸ்டெர்ஷியஸ் என்ற அகலமான காசில் இடம் தாராளம். புதிதாகச் சேகரிப்பவர்களும் வீட்டில் பழைய காசு கிடைத்தவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் உள்ளது.

வெண்கலக் காசு என்று சொல்லப்படுவதெல்லாம் வெண்கலம்தானா?

இல்லை. குடியரசுக் காலத்துக் காசுகள் வெள்ளீயமும் காரீயமும் கலந்த வெண்கலம். முதல் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 23 வாக்கில் சில்லறையைச் சீரமைத்தபோது இரண்டு உலோகங்களைப் பிரித்துப் பயன்படுத்தினார். செஸ்டெர்ஷியஸும் டுபோண்டியஸும் பித்தளை. ஆஸும் குவாட்ரன்ஸும் செம்பு. பித்தளைக்குத் தேவையான துத்தநாகத்தை அவர்கள் தனியாகப் பிரித்தெடுக்கவில்லை. துத்தநாகக் கனிமப் பொடி, கரி, செம்புத் துண்டுகள் ஆகியவற்றை மூடிய மூசையில் வைத்துச் சூடேற்றினார்கள்; ஆவியான துத்தநாகம் செம்புக்குள் ஏறியது. பழைய காசை உருக்கி மீண்டும் அடிக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் துத்தநாகம் ஆவியாகிப் போய்விடும். இரண்டாம் நூற்றாண்டுக் காசின் மஞ்சள் நிறம் முதல் நூற்றாண்டுக் காசின் அளவுக்கு இல்லாததற்கு அது ஒரு காரணம்.

கணக்கு இப்படி: ஒரு வெள்ளி டெனாரியஸுக்கு 4 செஸ்டெர்ஷியஸ், அல்லது 8 டுபோண்டியஸ், அல்லது 16 ஆஸ், அல்லது 64 குவாட்ரன்ஸ். எடையில் செஸ்டெர்ஷியஸ் சுமார் 25 கிராம், டுபோண்டியஸ் 12 முதல் 13, ஆஸ் 10 முதல் 11, குவாட்ரன்ஸ் 3 கிராம். அதாவது டுபோண்டியஸும் ஆஸும் கிட்டத்தட்ட ஒரே எடை, மதிப்பு மட்டும் இரட்டிப்பு. பித்தளைக்கு அந்த மரியாதை இருந்தது.

அப்படியானால் அந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

நீரோ காலத்துக்குப் பிறகு பெரும்பாலும் தலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மன்னர் தலையில் கூர்கூராகக் கதிர் முடி இருந்தால் டுபோண்டியஸ். லாரல் இலை முடி இருந்தால் ஆஸ். கதிர் முடி சூரியக் கடவுளுக்கு உரியது.

அரசியர் காசில் இந்த வழி உதவாது, அவர்களுக்குக் கதிர் முடி கிடையாது. அங்கே உலோக நிறம்தான் ஆதாரம். அதையும் பச்சைக் களிம்பு மறைத்திருக்கும். விளிம்பில் ஏற்கெனவே தேய்ந்த இடம் இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள், மஞ்சளா சிவப்பா என்று தெரியும். அதற்காக விளிம்பைச் சுரண்டிப் பார்க்கக் கூடாது. ஒப்படர்த்தி அளக்கும் வழியும் உண்டு: பித்தளை 8.5 அளவில், செம்பு 8.9. ஆனால் உள்ளே அரித்துப்போன காசு இரண்டுக்குமே குறைவாகக் காட்டும், ஆகவே அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

தேய்ந்த காசு ஒன்று கையில் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெர்னியர் அளவி, பத்து மடங்கு லென்ஸ், ஒரு மேசை விளக்கு போதும். விளக்கை மேலே வைக்காமல் பக்கவாட்டில், காசின் பரப்போடு ஒட்டியபடி ஒளி விழுமாறு வையுங்கள். காசை மெதுவாகச் சுற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் மொட்டையாகத் தெரிந்த காசில் நான்கைந்து எழுத்தாவது எழுந்து வரும்.

முதலில் எடையும் விட்டமும். 32 மி.மீ.க்கு மேல், 20 கிராமுக்கு மேல் என்றால் செஸ்டெர்ஷியஸ். முதல் மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டாது. 15 முதல் 18 மி.மீ., 1.5 முதல் 3 கிராம் என்றால் நான்காம் நூற்றாண்டாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் முதல் நூற்றாண்டுக் குவாட்ரன்ஸும் அதே அளவுதான். அதனால் அடுத்துத் தலையைப் பாருங்கள். முத்தோ ரோஜா வடிவமோ கோத்த நெற்றிப்பட்டம் இருந்தால் கான்ஸ்டன்டைன் கி.பி. 324 வாக்கில் அதை அணியத் தொடங்கியதற்குப் பிந்தையது. முழுத் தாடி இருந்தால் 117இல் ஆட்சிக்கு வந்த ஹேட்ரியனுக்கு முன்னால் போகாது. அவர் தொடங்கிய பழக்கம் கான்ஸ்டன்டைன் வரை நீடித்தது. (சிறுவயது மன்னர்கள் விதிவிலக்கு. பிற்காலத்தில் ஜூலியனும் தாடிக்காரர்.) பின்பக்கத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே, தனியாகச் சில எழுத்துகள் இருந்தால் அது அக்கசாலைக் குறி (காசு அடித்த இடத்தின் அடையாளம்), மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கோ அதற்குப் பிறகுக்கோ போங்கள். இவ்வளவையும் பார்த்து முடிக்கும்போது, ஒரு எழுத்துகூடப் படிக்காமலே காலம் ஐம்பது நூறு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

பின்பக்கத்தில் பெரிதாக எஸ், சி என்று இரண்டு எழுத்துகள். என்ன பொருள்?

‘செனாட்டுஸ் கன்சுல்ட்டோ’, செனட்டின், அதாவது ரோமின் ஆட்சி அவையின், தீர்மானப்படி என்று பொருள். தங்கம், வெள்ளிக் காசுகளில் இது பொதுவாக இருக்காது. செனட்டுக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. காசை அடையாளம் காண்பவருக்குத் தேவையானது ஒன்றுதான்: இந்த எழுத்துகள் இருந்தால் அது மூன்றாம் நூற்றாண்டுக்குப் பிந்தையது அல்ல. அன்றைய சிரியாவின் அந்தியோக்கியாவில் அடித்த காசுகளிலும் இலை வளையத்துக்குள் இதே எழுத்துகள் வரும். சுற்றிலும் கிரேக்க எழுத்து இருந்தால் அங்கே தேடுங்கள்.

பின்பக்கத்தில் நிற்கும் பெண் யார்? எல்லாக் காசிலும் ஒரே மாதிரி இருக்கிறாளே?

முகத்தைப் பார்த்தால் தெரியாது. கையைப் பார்க்க வேண்டும். கோயில் சிலையை வேலை வைத்து, சங்கு சக்கரத்தை வைத்து அடையாளம் காண்பதைப் போலத்தான். நிற்பவர்களில் பலர் பழைய கடவுளர் அல்ல; அமைதி, வளம், நம்பிக்கை போன்ற பண்புகளைப் பெண்ணுருவாக நிறுத்தியிருக்கிறார்கள்.

பழமும் கதிரும் பிதுங்கும் வளக்கொம்பு ஏறத்தாழ எல்லோர் கையிலும் இருக்கும், அதனால் அதை வைத்து எதுவும் தீர்மானிக்க முடியாது. மற்றக் கைதான் முக்கியம். அதில் கப்பலின் சுக்கான் இருந்தால் ஃபார்ட்டுனா, அதிர்ஷ்டம். கால் அருகே சக்கரமோ உருண்டையோ இருப்பதும் உண்டு. ஒலிவக் கிளை என்றால் பாக்ஸ், அமைதி. இரு பாம்பு சுற்றிய கோல் என்றால் பெரும்பாலும் ஃபெலிசிட்டாஸ், நற்பேறு. ஆனால் பாக்ஸும் சில சமயம் அதைப் பிடிப்பாள். தட்டையான படையல் கிண்ணம் என்றால் கன்கார்டியா, ஒற்றுமை. தானியக் கதிர் கையில், காலடியில் கதிர் செருகிய மரக்கால் என்னும் தானிய அளவை, பின்னால் கப்பல் முகப்பு என்றால் அன்னோனா. எகிப்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ரோமுக்கு வந்த தானியத்தின் உருவம் அவள். குழி போட்ட சதுரப் பலகையை உயர்த்திக் காட்டினால் லிபராலிட்டாஸ், மன்னர் மக்களுக்குப் பணம் வழங்கியதன் அறிவிப்பு.

வளக்கொம்பு இல்லாதவர்களும் உண்டு. குல்லாயைக் கையில் நீட்டுபவள் லிபர்ட்டாஸ்: விடுதலை பெற்ற அடிமை அணிந்த குல்லாய் அது. கிண்ணத்திலிருந்து பாம்புக்கு ஊட்டுபவள் சாலுஸ், உடல்நலம். ஒரு கையில் பூ, மறு கையால் பாவாடை ஓரத்தைச் சற்றே தூக்கியபடி நடப்பவள் ஸ்பெஸ், எதிர்கால நம்பிக்கை. இந்தப் பாவாடைச் சைகை வேறு யாருக்கும் அரிது. எவ்வளவு தேய்ந்த காசிலும் அவளைக் கண்டுபிடித்துவிடலாம். இறக்கை இருந்தால் விக்டோரியா, வெற்றி.

தடுமாறச் செய்வது தராசு. ஈக்விட்டாஸ், மொனேட்டா இருவரும் ஒரு கையில் தராசு, மறு கையில் வளக்கொம்போடு ஒரே கோலத்தில் நிற்பார்கள். முன்னவள் நேர்மையான அளவை, பின்னவள் அக்கசாலையின் தெய்வம். எழுத்தைப் படிக்க முடியாவிட்டால் இரண்டில் எது என்று சொல்ல வழியில்லை. ‘தராசு ஏந்திய பெண்’ என்று எழுதி வைப்பதே சரி.

இந்தப் படங்கள் அன்றைய நிலவரத்தைக் காட்டுகின்றனவா?

அரசன் மக்கள் எதை நம்ப வேண்டும் என்று விரும்பினானோ அதைக் காட்டுகின்றன. நீரோவின் செஸ்டெர்ஷியஸில் யானுஸ் என்ற கடவுளின் கோயில் கதவு மூடியிருக்கும். போர் நடக்கும் காலமெல்லாம் திறந்திருக்க வேண்டிய கதவு. ‘ரோம மக்களுக்குத் தரையிலும் கடலிலும் அமைதி பெற்றுத் தந்தபின் யானுஸை மூடினார்’ என்று சுற்றிலும் எழுத்து. 66இல் யூதேயாவில் பெருங்கிளர்ச்சி வெடித்துவிட்டது.

மாக்சிமினுஸ் காசு இன்னும் வெளிப்படை. இரண்டு படைக்கொடிகளைப் பிடித்து நிற்கும் ஃபிடெஸ், ‘படைவீரர்களின் விசுவாசம்’ என்ற எழுத்து. 238இல் அக்குவிலேயா நகரை முற்றுகையிட்டிருந்தபோது அவரைக் கொன்றது அவருடைய படைவீரர்களே. விசுவாசம், ஒற்றுமை என்ற சொற்கள் காசில் அடிக்கடி வரத் தொடங்கினால் அந்த ஆட்சியில் எது தட்டுப்பாடு என்று ஊகிக்கலாம். எல்லாக் காசுக்கும் இதைப் பொருத்திவிடவும் வேண்டாம். ஹேட்ரியன், அன்டோனினுஸ் பயஸ் காலத்து அன்னோனாவும் சாலுஸும் பெரும்பாலும் வழக்கமான நல்வாழ்த்துதான்.

‘யூதேயா காப்டா’ காசில் என்னென்ன இருக்கிறது?

‘பிடிபட்ட யூதேயா’ என்று பொருள். நீரோ காலத்தில் தொடங்கிய அந்தக் கிளர்ச்சியைப் பிறகு மன்னரான வெஸ்பாசியனும் அவர் மகன் டைட்டஸும் அடக்கினார்கள். 70இல் ஜெருசலேம் வீழ்ந்தது. 71இல் அடித்த செஸ்டெர்ஷியஸ்களில் நடுவே பேரீச்ச மரம், யூதேயாவின் குறி. காய்க்குலைகள் இருபுறமும் தொங்கும். மரத்தின் ஒரு பக்கம் தரையில் பெண் ஒருத்தி, தலையைக் கையில் தாங்கித் துக்கம் காப்பவளாக. அவள்தான் அந்த நாடு. மறு பக்கம் ஒரு வகையில் கைகளைப் பின்னால் கட்டிய கைதி. இன்னொரு வகையில் வெஸ்பாசியனே, ஈட்டியைப் பிடித்து, ஒரு காலைத் தலைக்கவசத்தின் மேல் ஊன்றியபடி. எந்த வகை என்று அறிய மரத்தை விடுங்கள், நிற்பவரின் பாதத்தைப் பாருங்கள்.

இவை அதிகம் போலி செய்யப்படும் காசுகள். அதிகம் தேயாத நல்ல நிலையில் மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுவதே முறை.

விலங்குகளுக்கு என்ன பொருள்?

முதலையைப் பேரீச்ச மரத்தில் சங்கிலியால் கட்டிய காசு இன்றைய பிரான்சின் நீம் நகரில் அடித்தது; எகிப்து பிடிபட்டதைச் சொல்கிறது. தலைப்பக்கத்தில் படைத்தலைவர் அக்ரிப்பாவும் அகஸ்டஸும் முதுகோடு முதுகாக. சில்லறைக்காக இதைப் பாதியாக வெட்டிப் புழங்கியிருக்கிறார்கள், அரைக்காசு கிடைத்தால் உடைந்தது என்று எறிந்துவிடாதீர்கள்.

கழுகு இறந்த மன்னரை விண்ணுலகுக்குக் கொண்டு போகிறது, மயில் அரசியை. இரண்டோடும் ‘கான்செக்ராட்டியோ’ என்ற எழுத்து வரும், தெய்வமாக்கல் என்று பொருள். டைபீரியஸ் காலத்தில் நான்கு யானைகள் இழுக்கும் தேரில் தெய்வமான அகஸ்டஸ் அமர்ந்திருக்கும் செஸ்டெர்ஷியஸ் வந்தது. 248இல் ரோமின் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்கு முதலாம் ஃபிலிப் சிங்கம், நீர்யானை, மான் எனக் காட்சிக்குக் கொண்டு வந்த விலங்குகளைக் காசில் வரிசையாக வெளியிட்டார். நூறு ஆண்டு கழித்து வந்த 348ஆம் ஆண்டுக் காசுகளில் ஒன்றில் உருண்டை மேல் நிற்கும் ஃபீனிக்ஸ் பறவை: சாம்பலிலிருந்து எழுவது.

காசில் உள்ள கட்டடத்தை அப்படியே நம்பலாமா?

அடையாளத்துக்கு நம்பலாம், அளவுக்கு நம்ப முடியாது. முப்பது மி.மீ. வட்டத்தில் எட்டுத் தூண் அடங்காவிட்டால் அச்சு வெட்டுபவர் ஆறாகவோ நான்காகவோ குறைத்துவிடுவார். உள்ளே இருக்கும் தெய்வச் சிலை தெரியட்டும் என்று நடுத் தூண்களை விலக்கியும் வைப்பார். டைட்டஸின் 80ஆம் ஆண்டுச் செஸ்டெர்ஷியஸில் கொலோசியத்தை வெளியிலிருந்தும் மேலிருந்தும் ஒரே நேரத்தில் காட்டியிருக்கிறார்கள். உள்ளே இருக்கைகளில் புள்ளி புள்ளியாகக் கூட்டம்.

நான்காம் நூற்றாண்டுச் சிறு காசுகளில் எவை அதிகம் கிடைக்கும்?

மூன்று வகைகளைத் தெரிந்து வைத்தால் கழுவாத காசுக் குவியலில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

இரு படைவீரர்கள் எதிரெதிரே நிற்க, நடுவே படைக்கொடி: ‘குளோரியா எக்ஸர்சிட்டுஸ்’, படையின் பெருமை. 330இலிருந்து இரண்டு கொடி, காசு சுமார் 2.5 கிராம். 335 வாக்கில் ஒரு கொடியாகிறது, எடையும் இரண்டு கிராமுக்குக் கீழே இறங்குகிறது. கொடியை எண்ணினால் ஆண்டு தெரியும்.

ஓநாய் இரு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் காசில் தலைப்பக்கம் மன்னர் இல்லை. தலைக்கவசம் அணிந்த ரோமா, ரோம் நகரின் உருவம். ஓநாய்க்கு மேலே இரண்டு விண்மீன்கள். இதன் ஜோடிக் காசில் கான்ஸ்டான்டினோப்பிள் நகரின் உருவம். பின்பக்கம் கப்பல் முகப்பில் நிற்கும் விக்டோரியா. பழைய தலைநகருக்கு ஒன்று, 330இல் திறந்த புதிய தலைநகருக்கு ஒன்று.

மூன்றாவது, குதிரையோடு விழும் எதிரியை ரோம வீரன் ஈட்டியால் குத்தும் காட்சி. எழுத்து ‘ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ’: நல்ல காலம் திரும்பியது. 348இல் 5 கிராம் அளவில் வந்த காசு பத்தாண்டுக்குள் பாதி எடைக்கும் கீழே சுருங்கியது. காட்சி தேய்ந்திருந்தால் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்ட கையைத் தேடுங்கள்.

அக்கசாலைக் குறியில் ஒரு பொறி உண்டு. அடியில் சி, ஓ, என், எஸ் என்றிருந்தால் கான்ஸ்டான்டினோப்பிள். கூடவே டி சேர்ந்து, முன்னால் பி அல்லது எஸ் இருந்தால் அது தெற்கு பிரான்சின் ஆர்ல். அந்த நகருக்குக் கான்ஸ்டன்டினா என்று பெயர் மாற்றியிருந்தார்கள்.

கான்ஸ்டன்டைன் காசுகளில் கிறிஸ்தவச் சின்னம் உண்டா?

எதிர்பார்ப்பதை விடக் குறைவு. 312இல் கிறிஸ்தவத்தின் பக்கம் திரும்பிய பிறகும் சில ஆண்டுகள் அவர் காசுகளில் நின்றவர் சூரியக் கடவுள், ‘வெல்ல முடியாத சூரியன், துணைவன்’ என்ற எழுத்தோடு. 327 வாக்கில் கான்ஸ்டான்டினோப்பிளில் அடித்த அரிய காசொன்றில் கி-ரோ முடியுள்ள கொடிக்கம்பம் பாம்பைக் குத்துகிறது. கி-ரோ என்பது கிறிஸ்து என்ற பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகள் பின்னிய குறி. அது காசின் பரப்பு முழுவதையும் நிறைத்து, இருபுறமும் ஆல்ஃபா, ஒமேகாவோடு வருவது மாக்னென்டியுஸ் என்ற மன்னர் காலத்தில், 353இல்.

இவை தமிழ்நாட்டில் கிடைக்கின்றனவா?

கிடைக்கின்றன. கொங்குப் பகுதியில் அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைப்பது பலருக்கும் தெரியும். செம்புக் காசுகள் அவற்றுக்கு வெகுகாலம் பிந்தியவை. பெரும்பாலும் நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகள். கரூரில் அமராவதி ஆற்று மணலிலும், மதுரையிலும், வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகில் அழகன்குளத்திலும் கிடைத்திருக்கின்றன. கைதியை இழுத்துச் செல்லும் விக்டோரியா, சிலுவை, அருகருகே நிற்கும் மன்னர்கள் ஆகிய படங்கள் இவற்றில் வரும். எடை பெரும்பாலும் ஒன்றிரண்டு கிராம், மிகவும் தேய்ந்த நிலை.

இலங்கையில் எண்ணிக்கை இன்னும் அதிகம், ஆயிரக்கணக்கில். அங்கே புழங்கியவற்றில் உள்ளூரில் செய்த நகல்களும் ஏராளம். நகலைப் பிடிக்க எழுத்தைப் பாருங்கள்: லத்தீன் தெரியாதவர் வெட்டிய அச்சில் எழுத்துகள் வெறும் கோடும் புள்ளியுமாக மாறியிருக்கும், உருவம் குச்சிக் கைகால்களோடு நிற்கும்.

புளி போட்டுத் தேய்த்தால் பளபளப்பாகுமா?

ஆகும், காசும் போய்விடும். புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் களிம்பைக் கரைக்கும். இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த காசில் மூக்கு, முடி, எழுத்து எல்லாம் நிற்பது பெரும்பாலும் அந்தக் களிம்புப் படலத்தில்தான். அதைக் கரைத்தால் அடியில் குழி விழுந்த சிவப்பு உலோகம் மிஞ்சும். பித்தளை பாலிஷ், வினிகர், மின்பகுப்பு மூன்றுக்கும் இதே கதி.

செய்ய வேண்டியது: காய்ச்சி வடித்த நீரில் ஊற வையுங்கள். குழாய் நீரில் குளோரின் இருக்கும், ஆகாது. நீரை வாரம் ஒருமுறை மாற்றி, ஒவ்வொரு முறையும் மென்மையான பல்துலக்கியால் மண்ணை மட்டும் தள்ளுங்கள். பிடிவாதமான மண்ணுக்கு மூங்கில் குச்சியைக் கூராக்கி, லென்ஸுக்கு அடியில், எழுத்தின் போக்கிலேயே தள்ளுங்கள். ஊசி வேண்டாம், ஒருமுறை வழுக்கினால் போதும். ஒலிவ எண்ணெயில் மாதக்கணக்கில் போட்டு வைக்கும் பழைய முறையும் உண்டு. எண்ணெயும் மெல்ல அமிலமாகி அரிக்கும் என்பதால் அதைப் பரிந்துரைப்பதில்லை.

காசில் வெளிர்பச்சைப் பொடி பூக்கிறது. அதுவும் களிம்புதானே?

அது வெண்கல நோய். காசுக்குள் தங்கிய குளோரைடு உப்பு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது. தின்னும்போது மீண்டும் அமிலம் உண்டாவதால் தானாக நிற்காது. நல்ல களிம்பு கெட்டியாக, வழவழப்பாக இருக்கும், குச்சியால் வராது. நோய்ப் பொடி தொட்டாலே உதிரும், அடியில் குழி தெரியும். சந்தேகம் இருந்தால் மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சோடு, பஞ்சு படாமல், ஒரு நாள் வையுங்கள். நோய் இருந்தால் புதுப் பச்சை பூக்கும்.

முதலில் அந்தக் காசைத் தனியாக எடுங்கள். பொடியைக் குச்சியால் முழுவதும் நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் சில வாரம் ஊற வைத்து, அசிட்டோனில் முக்கி நன்றாக உலர்த்துங்கள். பிறகு காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருக்குமாறு. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் திறந்த அலமாரியில் வைத்தால் நோய் திரும்ப வந்தே தீரும். அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருள் நச்சுத்தன்மை உள்ளது. கையுறையும் புகைபோக்கியும் இல்லாத வீட்டில் முயல வேண்டாம்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அசல் காசு இரண்டு அச்சுகளுக்கு நடுவே அடித்தது. மலிவான போலி அச்சில் ஊற்றியது. விளிம்பைச் சுற்றிப் பாருங்கள்: வார்ப்புக் கோடோ, அதை அரத்தால் ராவிய தடமோ இருந்தால் போலி. லென்ஸில் காற்றுக் குமிழி விட்ட வட்டக் குழிகள், சோப்பு போல மழுங்கிய எழுத்தோரம், குறையும் எடை ஆகியவையும் அப்படியே. இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டையும் வாங்காதீர்கள்.

இதைவிடச் சிரமமானது, அசல் காசையே உளியால் செதுக்கி மெருகூட்டுவது. தலைமுடி மட்டும் ஆழமாகவும் கூர்மையாகவும், எழுத்தைச் சுற்றிய பரப்பு இழைத்ததுபோல் சமமாகவும் இருந்தால் கை வைத்திருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் பதுவா நகரின் கவீனோ செய்த செஸ்டெர்ஷியஸ் நகல்கள் வேறு ரகம். அவற்றுக்கென்றே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

நிலத்தில் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாமா?

இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டைக் கடந்த காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கிடைத்த இடம், ஆழம், கூடவே கிடந்த பானை ஓடு ஆகியவற்றை எடுப்பதற்கு முன்பே படம் பிடித்துக் குறித்து வையுங்கள். தேய்ந்துபோன ஒரு கிராம் செம்புக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. எங்கே, எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற தகவல்தான் ஆய்வாளருக்கு வேண்டும்.